வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

மார்ச் 4, செவ்வாய்

கடையில் இன்று மூன்றே சாவிதான் வெட்டினேன். அதிலும் ஒன்று தப்பு. வாங்க வந்தவர் திட்டிவிட்டுப் போனார். நாற்பது வருடமாகப் பூட்டும் சாவியுமாகப் பிழைக்கிறேன், இப்படித் தப்பு வந்ததில்லை.

வாலு போய் இன்றோடு பதினொரு நாள். என் பேத்தி, ஆறு வயது. காய்ச்சலில் கிடந்தவளை அறைக்குள் பூட்டிவிட்டு மகள் வேலைக்குப் போயிருந்தாள். புருஷன் விட்டுப் போனதிலிருந்து இது மூன்றாவது தடவை. அழுகைச் சத்தம் கேட்டு மகளுடைய எதிர்வீட்டுக்காரர் எனக்குப் போன் போட்டுக் கூப்பிட்டார். பூட்டைத் திறந்தது நான். குழந்தைகள் உதவி எண்ணுக்குப் போன் செய்ததும் நான்தான். மகளைக் கூப்பிட்டுக் கண்டிப்பார்கள், அதுவரை பிள்ளை என்னிடம் இருக்கும் என்று நினைத்தேன். முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள்.

"நான் தாத்தா இல்லையா?" என்று கேட்டேன். "விசாரிக்காம யார்கிட்டயும் குடுக்க முடியாதுங்க" என்றார் அதிகாரி அம்மா. என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன்.

மார்ச் 8, சனி

வாலுவைப் பார்க்க ஒரு மணி நேரம் கொடுத்தார்கள். சின்ன அறை. மூலையில் ஒரு பெண் உட்கார்ந்து எழுதிக்கொண்டே இருக்கிறாள். நான் இருமினால்கூட எழுதுகிறாள். வழக்கைப் பற்றிப் பேசக்கூடாதாம். வீட்டுக்குக் கூட்டிப் போகிறேன் என்று சொல்லக்கூடாதாம். பிறகு என்னதான் பேசுவது?

வாலு ஆடுகிற பல்லைக் காட்டினாள். "தாத்தா, இது விழும்போது நான் எங்க இருப்பேன்?"

"பல்லுக்குப் பக்கத்துலதான் இருப்ப" என்றேன். சிரித்தாள். எழுதுகிற பெண்ணும் சிரித்த மாதிரிதான் இருந்தது. நல்லபடியாக எழுதியிருப்பாளா?

மார்ச் 11, செவ்வாய்

வாலுவை என்னிடம் விடக் கேட்டு ஒன்பது பக்கப் படிவம். மனைவி இறந்து எத்தனை வருடம், சமைக்கத் தெரியுமா, கண் பார்வை எப்படி — ஒண்டிக்கட்டை என்றால் ஆயிரம் கேள்வி. கடைசிப் பக்கத்தில்: 'உங்கள் பிள்ளையை எப்போதாவது வீட்டில் தனியாக விட்டுப் பூட்டிச் சென்றதுண்டா?'

இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மார்ச் 12, புதன்

ஏன் அப்படி எழுதினேன்?

மார்ச் 14, வெள்ளி

மகள் கடைக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"பூட்டுல ஒரு கீறல் இல்ல. அப்பவே தெரியும், நீங்கதான்னு."

"பிள்ளைக்குக் காய்ச்சல்மா. அனலாக் கொதிச்சுது."

"லீவு கேட்டா வேலைய விட்டே நின்னுக்கன்னாங்க. நான் என்னப்பா பண்ண? நீங்க மட்டும் என்னைப் பூட்டிட்டுப் போகலையா? அம்மா மில்லுக்கு, நீங்க கடைக்கு. உங்க கடையிலயே பெரிய பூட்டு நம்ம வீட்டுக்குத்தான்."

போகும்போது, "உங்களைப் பத்தி என்கிட்டயும் கேட்டாங்க" என்றாள். என்ன கேட்டார்கள்? இவள் என்ன சொன்னாள்? கூப்பிட்டுக் கேட்கவும் வழியில்லை, படி இறங்கிவிட்டாள்.

மார்ச் 19, புதன்

வீட்டைப் பார்க்க அதிகாரி அம்மா வந்தார். ஒரு வாரமாக அறைக்குச் சுண்ணாம்பு அடித்து, சின்னக் கட்டில் வாங்கிப் போட்டு, கதவைச் செப்பனிட்டு, பித்தளைத் தாழ்ப்பாள் ஒன்றும் புதிதாகப் பொருத்தியிருந்தேன். கட்டிலைப் பார்த்துத் தலையாட்டியவர் கதவருகில் நின்றுவிட்டார்.

"தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருக்கே. யாரை உள்ள வச்சுப் பூட்ட?"

"ஒரு பாதுகாப்புக்குத்தாங்க..."

எழுதிக்கொண்டார். டீகூடக் குடிக்கவில்லை.

வெளிப்பக்கம்! அந்தப் பிள்ளையின் அறைக்கு! கதவைக் கண்டால் கை தானாகப் போய்விடுகிறது. மடையன், அறுபத்தெட்டு வயது மடையன். போச்சு, எல்லாம் போச்சு.

மார்ச் 22, சனி

பல் வியாழக்கிழமையே விழுந்துவிட்டதாம். பல் விழுந்த இடத்தைக் காட்டிவிட்டு என் காதோரம் வந்து சொன்னாள்: "அந்த வீட்ல கதவெல்லாம் தொறந்தேதான் இருக்கு தாத்தா."

வீட்டுக்கு வந்ததும் அறைத் தாழ்ப்பாளைக் கழற்றினேன். திருகாணி ஓட்டைகளை மரத்தூளும் பசையும் வைத்து அடைத்தேன். ஆனாலும் மனசு ஆறவில்லை.

மார்ச் 24, திங்கள்

கடையைத் திறக்காமல் அலுவலகத்துக்குப் போனேன். "படிவத்துல பொய் எழுதிட்டேங்க. என் மகளை நாலு வருஷம் பூட்டிட்டுத்தான் வேலைக்குப் போனேன்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். இனி பேத்தி கிடையாது என்றே நினைத்தேன்.

அதிகாரி அம்மா கோப்பைப் புரட்டி ஒரு தாளை எடுத்தார். "உங்க மக முன்னாடியே சொல்லிட்டாங்க. நீங்களா வந்து சொல்றீங்களான்னுதான் பார்த்துட்டிருந்தோம்." பிறகு மகள் சொன்னதைப் படித்துக் காட்டினார்:

'அப்பா என்னைப் பூட்டிட்டுத்தான் போவாரு. ஆனா தினமும் மதியம் கடையை மூடிட்டு ஓடி வந்து சோறு ஊட்டிட்டுப் போவாரு. என்னால அதுகூட முடியல. பாப்பாவை அவர்கிட்டயே குடுங்க.'

அத்தனை பேர் நடுவில் அழுதுவிட்டேன். கடைக்கு வந்து என்னைத் திட்டிய அன்றைக்கே இதைச் சொல்லியிருக்கலாமே அவள்.

ஏப்ரல் 3, வியாழன்

உத்தரவு வந்துவிட்டது. ஆறு மாதம் என்னிடம். மகள் சனிக்கிழமைதோறும் ஒரு மணி நேரம் வந்து பார்க்கலாம். என் முன்னிலையில். நான் குறிப்பு எழுதித் தரவேண்டும்.

ஏப்ரல் 5, சனி

வாசல் கதவைக் காலையிலிருந்தே அகலத் திறந்து வைத்திருந்தேன். பத்து நிமிடம் முன்னதாகவே மகள் வந்தாள். திறந்திருந்த கதவை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு வெளியிலேயே நின்றாள்.

"வரலாமாப்பா?"

தான் வளர்ந்த வீட்டில் கேட்கிறாள். "என்னம்மா கேள்வி இது" என்று எழுவதற்குள் வாலு ஓடிப்போய் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

நான் மூலையில் நோட்டோடு உட்கார்ந்தேன். வாலு பல் விழுந்த கதையை முதலிலிருந்து சொன்னாள். மகள் அவள் தலையைப் பின்னிவிட்டாள். இருமல் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

ஒரு மணி நேரம் ஆனதும் மகளே எழுந்துவிட்டாள். ஒரு பக்கப் பின்னல் பாதியில் நின்றது. "முடிச்சிட்டுப் போ" என்றேன்.

வந்த நேரம், போன நேரம் எல்லாம் சரியாக எழுதிவிட்டேன். கால் மணி நேரம் அதிகம், உட்காரச் சொன்னது நான் என்பதையும் எழுதியிருக்கிறேன்.