அடுத்து வருகிறவனுக்கு வைத்த விறகு

ஜனவரி 9
மூடுபனி. எதிர்வீட்டுப் புகைபோக்கிகூடத் தெரியவில்லை. பசு பாதிப் பால்தான் கொடுத்தது. பேரன் துலுஸ்தான், குடிதண்ணீருக்காக ஆற்றிலிருந்து வெட்டி வந்த ஐஸ் கட்டிகளை வாசலில் அடுக்கினான், உறைந்த மீனைச் சீவித் தின்றான், ஸ்டேஷனுக்குப் போனான். தொப்பியை நான்தான் துடைத்துக் கொடுத்தேன். இந்த ஆற்றங்கரையில் போலீஸ் சீருடை போட்ட பேரன் வேறு யாருக்கு இருக்கிறான்?

ஜனவரி 10
வேட்டைக்காரன் கவ்ரில், தோல் வாங்க வந்த வியாபாரியைச் சுட்டுவிட்டான். பேரம், குடி, வாய்ச்சண்டை. வியாபாரி அங்கேயே செத்துவிட்டார். கவ்ரில் துப்பாக்கியோடு மேல்காட்டுக்கு ஓடிவிட்டான். மூடுபனியில் ஹெலிகாப்டர் வராது. துலுஸ்தான் தனியாகவே மோட்டார் பனிவண்டியை எடுத்தான்.
"ஆளுங்க வரட்டும்டா, பொறு" என்றேன்.
"அதுக்குள்ள தடம் போயிடும் பாட்டி."
மைனஸ் ஐம்பது. போய்விட்டான்.

ஜனவரி 11
கவ்ரிலின் மனைவி மத்ரியோனா வந்தாள். நான் உட்காரச் சொல்லவில்லை. அவளே உட்கார்ந்தாள்.
"அக்கா, உங்க பேரன் அவரச் சுட்டுருவானா?"
"உம் புருஷன் எம் பேரனச் சுட்டுருவானான்னு நான்தான்டி கேக்கணும்."
"அவரு குறியே தப்பாதவரு—" என்று ஆரம்பித்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.
டீ ஊற்றினேன். இருவருமே குடிக்கவில்லை.

ஜனவரி 12
வயர்லெஸ்ஸில் சத்தமே இல்லை.

ஜனவரி 13
தேடிப்போனவர்கள் பனிவண்டியை மட்டும் பார்த்தார்களாம். ஓடையில், பனிக்கு அடியில் தேங்கிய தண்ணீரில் இறங்கி அப்படியே உறைந்து கிடக்கிறதாம். அதற்கு மேல் வழி தெரியாமல் திரும்பிவிட்டார்கள். நனைந்த கால் இந்தக் குளிரில் எவ்வளவு தூரம் நடக்கும்? எனக்குத் தெரியும். எழுத மாட்டேன்.
அடுப்பு நெருப்புக்குப் படையலாக வெண்ணெய் போட்டேன். "தின்னு. எம் பிள்ளைக்கும் எங்கயாச்சும் எரி."

ஜனவரி 15
வந்துவிட்டான்! உயிரோடு!
சறுக்குவண்டியில் படுக்கவைத்து இழுத்து வந்தது யார்? கவ்ரில். கையில் விலங்குகூட இல்லை. ஊரே வாசலில் நின்று பார்த்தது.
காலுக்குக் கட்டுப் போடும்போது துலுஸ்தான் சொன்னான். முழங்கால்வரை நனைந்தவன் தவழ்ந்து தவழ்ந்து ஒரு வேட்டைக் குடிசைக்குள் விழுந்திருக்கிறான். விரல் மடங்கவில்லை. ஆனால் அடுப்பில் விறகு அடுக்கி, கீழே மரப்பட்டை வைத்து, தீப்பெட்டியைத் திறந்து ஒரு குச்சியை வெளியே நீட்டி வைத்திருந்தது, நம் காட்டு வழக்கப்படி. பல்லால் கடித்து உரசியிருக்கிறான். அப்புறம்தான் கவனித்தானாம், அடுப்பில் பழைய சூடு. கவ்ரில் அங்கே தங்கி, அப்போதுதான் போயிருக்கிறான்.
மறுநாள் விறகு தீர்ந்தது. இவனால் எழ முடியவில்லை. அதற்கடுத்த நாள் கதவைத் திறந்துகொண்டு கவ்ரிலே வந்து நின்றான்.
"மேட்டுல இருந்து புகையப் பாத்தேன் தம்பி. அப்புறம் புகை நின்னுபோச்சு. அதான் வந்தேன்."
"எனக்காகவா விறகு வச்சே?"
"நீன்னு தெரிஞ்சா யோசிச்சிருப்பேன். அடுத்து வர்றவனுக்கு வச்சேன்."
துப்பாக்கியைக் கொடுத்துவிட்டுக் கையை நீட்டினான். இவனும் விலங்கு மாட்டினான். கிளம்பும்போது கவ்ரில், "விறகு வைக்காமலா போறது? கழட்டு" என்றான். இவன் கழற்றிவிட்டு, கோடாரியையும் கொடுத்தான்.
"பயமா இல்லையாடா?" என்றேன்.
"இருந்துச்சு. பொளந்து அடுக்கிட்டுத் திருப்பிக் கொடுத்துட்டான். அப்புறமும் விலங்கு மாட்டினா என்னை யாரு பாட்டி இழுக்கிறது?"
சிரித்தான். நான் அடுப்பில் இன்னொரு விறகைப் போட்டேன்.

பிப்ரவரி 3
குளிரில் கறுத்துப்போன இரண்டு கால்விரல்களை எடுத்துவிட்டார்கள். டாக்டர் சொன்ன நோயின் பெயர் எனக்கு எழுத வரவில்லை.
மேலதிகாரி ஆஸ்பத்திரிக்கே வந்தார். கொலைகாரன் கையில் கோடாரி கொடுத்ததைக் கோர்ட்டில் சொன்னால் வேலை போய்விடும் என்றார். நல்லவர்போலத்தான் சொன்னார்.
நானும் கெஞ்சினேன். "இழுத்துட்டு வந்தான்னு மட்டும் சொல்லேன்டா. கோடாரிய விட்டுடு."
"இழுத்துட்டு வந்தது என் துப்பாக்கிக்குப் பயந்துன்னு சொல்லிடுவாங்க பாட்டி. கோடாரி கையில இருந்தும் வெட்டலயே, அதுதான் விஷயம்."
அந்தச் சீருடைக்காக அவன் எவ்வளவு படித்தான்! சொல்லாமல் இருந்தால் யாருக்குத் தெரியும்? - எனக்குத் தெரியும். மத்ரியோனாவை எந்த முகத்தோடு பார்ப்பேன்?

பிப்ரவரி 4
"சொல்லுடா" என்றேன்.

ஏப்ரல் 20
தீர்ப்பு வந்துவிட்டது. கவ்ரிலுக்கு எல்லோரும் நினைத்ததைவிடக் குறைவான தண்டனை. துலுஸ்தான் சீருடையை மடித்துக் கொடுத்துவிட்டு வந்தான்.
கடைக்காரி ஃபியோக்லா எல்லோருக்கும் கேட்கும்படிதான் கேட்டாள்: "என்ன பாட்டி, போலீஸ் பேரன் போலீஸ் பேரன்னு சொல்லுவியே, வேல போயிடுச்சாமே?"
"விரலு ரெண்டும் போச்சு, வேலயும் போச்சு. ஆளு இருக்கான். மாவ ஒழுங்கா நிறுத்துப் போடு" என்றேன்.