எல்லாக் கார்டிலும் ஒரே கை

அடிவாரப்பட்டி,
தர்மபுரி தாலுகா, சேலம் ஜில்லா.
27-7-1933

அன்புள்ள மாதப்பனுக்கு, சவுரியப்பன் வாத்தியார் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகமாக இருக்கிறோம். குடகில் நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று ஆண்டவரைத் தினமும் கேட்டுக்கொள்கிறேன்.

உன் மனைவி காவேரிக்கு இது எட்டாம் மாதம். உடம்பு தேவலை, முகம்தான் வாடியிருக்கிறது. மாசியில் உன் கார்டு ஒன்று வந்தது. அதன் பிறகு அவள் சொல்ல நான் நான்கு கார்டுகள் எழுதினேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. காப்பித் தோட்டங்களில் இந்த வருஷம் மழையும் காய்ச்சலும் அதிகம் என்று கேள்விப்பட்டோம். அதனால்தான் இந்த முறை விரிவாக எழுதி உறையில் போடுகிறேன்.

நம் ஊர்த் தபாலாபீசுக்கு ஆபத்து வந்திருக்கிறது. சர்க்காரில் பணமுடையாம், கடிதம் குறைவாகப் போகும் சின்ன ஆபீசுகளை மூடுகிறார்கள். மளிகைக் கடையோடு தபாலையும் பார்த்துக்கொள்ளும் நம் கோவிந்தனுக்கும் காகிதம் வந்துவிட்டது. மூடிவிட்டால் தபாலுக்குத் தர்மபுரி போக வேண்டும். போக வர இருபது மைல். காவேரி இப்போது தபால் வருகிற நாளெல்லாம், கோவிந்தன் பையைப் பிரித்து முடிக்கிறவரை கடை வாசலில் நின்றுவிட்டுப் போகிறாள். இருபது மைலை அவள் எப்படி நடப்பாள்?

ஊரில் கூடிப் பேசினோம். சந்தை வண்டிக்காரர்களிடம் சேதி சொல்லியனுப்புவதுதானே நம் வழக்கம்? இனி எந்தச் சேதியானாலும் கார்டில் எழுதுவது என்று முடிவாயிற்று. உன் தாய் காசியம்மாள்தான் முதலில் ஒப்புக்கொண்டாள். வண்டிக்காரன் பாதிச் சேதிய வழியிலயே தின்னுட்டு மீதியத்தானுங்க வந்து சொல்றான், கார்டே மேலுங்க என்றாள். வத்தல்மலையிலிருந்து பொன்னன்கூட இறங்கி வந்து, கோலாரில் இருக்கும் தம்பிக்கு எழுதச் சொன்னான். மழ பேஞ்சுது, சாமை வெதச்சாச்சு, அவ்ளோதாங்க, மீதி எடத்தச் சும்மா வுடுங்க, அவன் பாத்துக்குவான் என்றான். அப்படியே விட்டேன்.

இதில் ஒரு பிசகு நேர்ந்தது. உன்னைப்போல் படித்த பிள்ளைகளெல்லாம் வெளியூர் போனபின், ஊரில் எழுதத் தெரிந்தவர்கள் கோவிந்தனும் நானும்தான். தபாலாபீஸ்காரன் எழுதினால் நன்றாயிராது என்று எல்லாக் கார்டையும் நானே எழுதினேன். போன வாரம் தபால் இன்ஸ்பெக்டர் வந்து பையைக் கொட்டிப் பார்த்தார். முப்பது கார்டுகளும் ஒரே கையெழுத்து. ஓய் வாத்தியாரே, இந்த ஊரில் நீர் ஒருத்தர்தான் குடியிருக்கிறீரா என்று கேட்டார். காசியம்மாள் விடவில்லை. பக்கத்து வூட்டுலதானுங்க நெருப்பு வாங்கி அடுப்பு மூட்டறம், அதுக்காவ எங்க சோறு பொய்ச்சோறா என்றாள். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் கார்டுகள்மேல் சந்தேகம் என்று குறிப்பேட்டில் எழுதியதை அடிக்கவில்லை. ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி மறுபடி வருவாராம். இந்தக் கார்டுகள் மெய்யானால் அதற்குள் வெளியூர்களிலிருந்து பதில் வந்திருக்க வேண்டும், இல்லையேல் ஆபீசும் போகும், கோவிந்தன் வேலையும் போகும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு உதாரணம் சொல்கிறேன். நான் வேலையிலிருந்த காலத்தில் வருகை குறைந்து பள்ளிக்கூடத்தை மூடப் பார்த்தார்கள். பரிசோதனை நாளன்று பக்கத்து ஊர்ப் பிள்ளைகளைக் கூட்டிவந்து பலகையில் உட்கார வைத்தேன். ஒரு பெண் குழந்தை இன்னொருத்தியின் பெயருக்குக் கைதூக்க மறந்து, ஆத்தாகிட்டப் போவணும் என்று அழுதுவிட்டாள். அன்று குனிந்த தலை எனக்கு நிமிர வெகுநாளாயிற்று.

இவ்வளவு தெரிந்தும் நேற்று தடுமாறினேன். இதுவரை இரண்டே பதில்கள்தான் வந்திருக்கின்றன. கோவிந்தன் பயந்துபோய் என்னிடம் வந்தான். எடது கையால நாலு பதில எழுதித் தாங்க, தர்மபுரியில போட்டுட்டு வந்துடறன், காவேரிக்கும் ஒண்ணு எழுதுங்க, அந்தப் புள்ள மொகமாவது தெளியட்டும் என்றான். காவேரியை நினைத்ததும் என் கை பேனாவை எடுத்துவிட்டது. ‘காவேரிக்கு மாதப்பன் எழுதிக்கொண்டது, நான் சௌக்கியம்’ என்று ஒரு வரியும் எழுதிவிட்டேன். அந்தச் சொல்லைத் தாண்டி எழுத முடியவில்லை. சௌக்கியம் என்று சொல்ல நான் யார்? கிழித்து அடுப்பில் போட்டேன். கோவிந்தன் எழுந்து கடைக்குப் போனான்.

ஆகவே மாதப்பா, இத்துடன் ஒரு வெறும் கார்டு வைத்திருக்கிறேன். விலாசத்தைக்கூட நான் எழுதவில்லை. எல்லாம் உன் கையாக இருக்கட்டும். ஒரே வரி போதும். யார்மேல் என்ன கோபமிருந்தாலும் பிறகு பேசிக்கொள்ளலாம். பதினைந்தாம் தேதிக்கு இன்னும் மூன்று வாரம்கூட இல்லை.

ஆண்டவர் உன்னைக் காப்பாற்றுவார். உன் பிள்ளையை நீ கையில் ஏந்துவாய்.

இந்த உறையைப் பிரிப்பது மாதப்பனாக இல்லாமல் வேறு யாராகவாவது இருந்தால், ஐயா, உங்களை வணங்கிக் கேட்டுக்கொள்கிறேன். பதிலைக் காவேரி பெயருக்குப் போடாதீர்கள். என் பெயருக்கே போடுங்கள். பை பிரிக்கும்போது அவள் அங்கே நின்றுகொண்டிருப்பாள்.

இப்படிக்கு,
உங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கும்
ம. சவுரியப்பன்