கொப்பியில் ஒரு ஞாயிறு

மகளுக்கு,

மஸ்கெலியாவிலிருந்து அப்பா எழுதுகிறேன். கிழித்துப் போடாமல் கடைசிவரை படி.

அழிந்துவரும் உயிர்களுக்கென்று நாட்டுக்கே ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். பழைய பட்டியலில், தேயிலை மலைக்கு மேலே இருக்கிற நம் காட்டில் கொம்பு ஓணான் இல்லை என்று இருந்தது. இப்போது இருக்கிறது என்று மாற்றிவிட்டார்கள். மாற்ற வைத்தது யார்? உன் அப்பன்! ஆறு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் அட்டைக்கடியோடு மேலே ஏறி, கண்டதைக் கொப்பியில் எழுதினேன். போன ஞாயிறு பதினொன்று, அதில் இரண்டு குட்டி. காட்டு உயிர்களைக் கணக்கெடுக்கும் ஹிஷாம் சார், தோட்டத்தில் நம்மை வேலை வாங்குகிற கண்டாக்கையா பார்த்துக்கொண்டிருக்கும்போதே என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

ஆரம்பத்தில் அவரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். மழைக்குப் பயந்து போகாத வாரங்களில் "இல்லை" என்று எழுதிவிட்டேன். "போய்ப் பார்க்காம இல்லைன்னு எழுதாதீங்கண்ணே. பார்க்கலைன்னு எழுதுங்க" என்றார்.

கை குலுக்கிய அன்றைக்கு, "ஒங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?" என்று கேட்டார். உன் விருப்பத்துக்கு நீ கல்யாணம் கட்டிப் போன இந்த நாலு வருடமாக, ஒரே மகன் என்றுதான் எல்லாரிடமும் சொல்லிவந்தேன். அவரிடம் அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. ஒரு மகன், ஒரு மகள் என்றேன்.

வருகிற ஞாயிறு காட்டுக்குப் போகமாட்டேன். கொப்பியில் அந்தத் தேதிக்கு "பார்க்கவில்லை" என்று இப்போதே எழுதிவிட்டேன். காலை பஸ்ஸில் கந்தப்பளைக்கு, உன் வீட்டுக்கு வருகிறேன்.

உன் அப்பா