காலி வண்டியில் அம்மாச்சியோடு

டிசம்பர் 1

பூசை முடிந்து வந்ததிலிருந்து ஃபால் தைத்துக்கொண்டிருக்கிறேன். கல்யாண சீசன். தையல்கடை மாஸ்டர் எல்லாச் சேலையும் நாளைக்கே வேண்டும் என்கிறார். விரல் நுனியெல்லாம் ஊசிக் குத்து.

அருள்ராஜ் மாமா போன் செய்தார். அம்மாச்சியைக் கூட்டிக்கொண்டு ரயில் ஏறிவிட்டாராம். மாமா இங்கே டெல்லியில் டிரைவர்களோடு ஒரு ரூமில் இருக்கிறார், அதனால் அம்மாச்சி எங்களோடுதான். கிறிஸ்துமஸும் எங்களோடுதான். அப்பா “சரி மச்சான்” என்று மட்டும் சொல்லிவிட்டு போனை என்னிடம் நீட்டினார்.

அம்மா போய் ஒன்றேகால் வருடம். அப்பா அவள் பெயரைச் சொல்வதில்லை. நான் சொன்னால் எழுந்து வெளியே போய்விடுகிறார். சாணக்யபுரியில் கெஸ்ட் ஹவுஸ் கேன்டீனுக்குக் காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வருகிறார். பகல் முழுக்க இந்த அறையில் நானும் அடுத்தவர்களின் சேலைகளும்தான்.

அம்மாச்சி வந்தால் அம்மாவைப் பற்றிப் பேச ஒரு ஆள் கிடைக்கும். சின்ன வயதில் அவள் எப்படி இருந்தாள்? எதற்குச் சிரிப்பாள்? ஒன்றுமே கேட்டு வைத்துக்கொள்ளவில்லை நான்.

டிசம்பர் 3

நிஜாமுதீன் ஸ்டேஷனில் போய்க் கூட்டிவந்தோம். அம்மாச்சி அப்பாவைப் பார்த்து “என்ன மாப்ள, எளச்சுட்டீங்க” என்றாள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். என்னிடம் “வளந்துட்ட” என்றாள். சொல்லும்போதே அவள் கண் என் பின்னால் நின்ற சுமை தூக்குகிறவர்களிடம் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து பையைப் பிரித்தாள். எனக்கு ஒரு பாவாடைத் துணி. பத்து வயதுப் பிள்ளைக்குத்தான் காணும்.

டிசம்பர் 9

அம்மாச்சிக்குத் தெரிந்த ஒரே ஹிந்தி ‘அச்சா’. அதை வைத்துக்கொண்டு எங்கள் கல்லியை, இந்தச் சந்து முழுவதையும் பிடித்துவிட்டாள். எதிர்வீட்டு பப்பி ஆன்ட்டி ஹிந்தியில் தன் மருமகளைத் திட்டுகிறார், இவள் தமிழில் எங்கள் மாமாவைத் திட்டுகிறாள், இரண்டு பேரும் அச்சா அச்சா என்று தலையாட்டிக்கொள்கிறார்கள். காலையில் டீ குடித்ததும் வெயில் காயப் போகிறாள். சாப்பாட்டுக்கு வருகிறாள். மறுபடி போய்விடுகிறாள்.

பப்பி ஆன்ட்டி என்னிடம், “உன் நானியைப் பார், ஒரு வாரத்தில் எல்லாரும் சொந்தம். நீ இங்கேயே பிறந்தவள், என்றாவது வாசலில் நின்றிருக்கிறாயா?” என்று கேட்டார். சிரித்து வைத்தேன். ஹிந்தி எனக்குத் தண்ணீர் மாதிரி வரும். வாய்தான் வராது.

டிசம்பர் 15

அப்பா ஸ்டார் வாங்கிவந்தார். போன வருடம் துக்க வீடு, ஸ்டார் கட்டவில்லை, பலகாரம் சுடவில்லை. கோவில்காரர்கள் கொண்டுவந்து கொடுத்த கேக்கை அப்பாவும் நானும் ஆளுக்கொரு துண்டு தின்றோம். இந்த வருடம் சிவப்பு ஸ்டார். பல்பு மாட்ட அப்பா நாற்காலியில் ஏறினார். நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

மத்தியானம் ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கு அம்மாச்சியோடு போனேன். அச்சு முறுக்குக்குப் பச்சரிசி மாவு. கடைக்காரர் தமிழ்தான். “யாரு பாட்டி, பேத்தியா?” என்று கேட்டார். “ஆமா” என்று சொல்லிவிட்டு மாவை உள்ளங்கையில் தேய்த்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். பேத்தியின் பெயர் இளவரசி, பிலோமினாவின் மகள், என்று ஒரு வார்த்தை சொல்வாள் என்று நின்றேன். மாவு கரகரவென்று இருக்கிறது என்றாள்.

டிசம்பர் 20

கரோல் குழு வந்தது. கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் போட்டவரோடு அம்மாச்சி ஆடினாள். கல்லியே கைதட்டியது. நான் கதவுக்குப் பின்னால்.

டிசம்பர் 26

நேற்று நன்றாகத்தான் இருந்தது. நடுச்சாமப் பூசை, பிரியாணி, மாமா கொண்டுவந்த பிளம் கேக். வந்தவர்கள் எல்லாரும் அம்மாச்சியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். தட்டு எடுத்ததும் கழுவியதும் நான்.

இன்று அப்பா வேலைக்குப் போன பிறகு தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டேன். “அம்மாச்சி, கல்லறைக்குப் போலாமா? பஸ்ல போயிடலாம்.”

முறுக்கு டப்பாவை மூடினாள். “தல வலிக்குதுடி” என்றாள். அப்புறம் அந்த வலியோடு பப்பி ஆன்ட்டி வீட்டுக்குப் போய்ச் சாயங்காலம் வரை சீட்டாடினாள்!

அம்மா போன அன்று அம்மாச்சி ஊரிலிருந்து ரயில் ஏறினாள். இரண்டு நாள் பயணம். டெங்கு, மழைக்காலம், வைத்திருக்க முடியாது என்று மறுநாளே அடக்கம் செய்துவிட்டார்கள். மாமா போனில் அதைச் சொன்னதும் நாக்பூரில் இறங்கி அடுத்த ரயிலில் திரும்பிப் போய்விட்டாள். அம்மாவை அடக்கம் பண்ணியாச்சு, சரி. நான் இருந்தேனே? நான் உயிரோடதான இருந்தேன்? ஸ்டேஷனுக்குப் போகக் கிளம்பித் தலை சீவி உக்காந்திருந்தேன்.

பெத்த மகள்மேலயே பாசம் இல்லாத ஆளுக்குப் பேத்தி என்ன?

ஜனவரி 7

மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்ததும் கிளம்புவதாக இருந்தது. கிளம்பவில்லை. டெல்லி வரை வந்துவிட்டுப் பனியைப் பார்க்காமல் போக மாட்டாளாம். பனி டெல்லியில் இல்லை, இமாச்சலத்தில் என்று மாமா சொன்னார். “அப்ப அங்க கூட்டிட்டுப் போடா. நீ வண்டிதான ஓட்டுற?”

எனக்குச் சந்தோஷமா? தெரியவில்லை. இருக்கட்டும் என்று நினைத்தேன்.

பிப்ரவரி 11

அறையில் இரண்டு பேர் இருந்தும் இவ்வளவு அமைதியாக இருக்குமா?

மார்ச் 19

மாஸ்டரிடம் சேலைகளைக் கொடுத்துவிட்டு லக்ஷ்மிபாய் நகர் பஸ் ஸ்டாப்பில் நின்றேன். என்னோடு படித்தவர்கள் சீருடையில் வந்தார்கள். பரீட்சை போல. அம்பிகா என்னைப் பார்த்துக் கையை உயர்த்தினாள். நான் செருப்பைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன்.

பள்ளியிலிருந்து யாரும் என்னை நிறுத்தவில்லை. ஒன்பதாம் வகுப்பில் அம்மா போன பிறகு ஒரு வாரம் போகவில்லை. பிறகு ஒரு மாதம். அத்தனை நாள் கழித்துக் கதவைத் திறந்து எல்லார் முன்னாலும் உள்ளே நடக்கவேண்டுமே என்று நினைத்தே போகாமல் இருந்துவிட்டேன். அம்மாவும் இப்படித்தான். வீடுகளில் பாத்திரம் தேய்த்துவிட்டு வருவாள், வாசலில் யாராவது வந்தால் சமையல் மூலைக்கு ஒதுங்கிவிடுவாள். அவளிடமிருந்துதான் எனக்கு வந்திருக்கிறது.

மே 29

ஃபேன் காற்று நெருப்பு. ஊசி கையில் நிற்கவில்லை, வழுக்குகிறது.

மாமா ஒரு யோசனையோடு வந்தார். அவர் கம்பெனியில் படுக்கை, அடுப்பெல்லாம் வைத்த கேம்பர் வேன் இருக்கிறது. டெல்லியிலிருந்து ஏறும் குடும்பங்கள் மணாலியில் இறங்கி விமானத்தில் போய்விடுவார்கள். வண்டி காலியாகத்தான் திரும்பி வரும். முதலாளியிடம் கேட்டுவிட்டாராம். நாங்கள் பஸ்ஸில் மணாலி போய்விட்டால் திரும்பும்போது அந்த வண்டியில் வரலாம்.

“கேரவன்னு சொல்லு. சினிமாக்காரங்க உக்காருற வண்டி” என்றாள் அம்மாச்சி. பப்பி ஆன்ட்டி வீட்டுக்கு ஓடினாள், நடிகை மாதிரி கறுப்புக் கண்ணாடி கடன் கேட்க.

அப்பாவுக்கு லீவு இல்லை. “நீயும் போய்ட்டு வாம்மா” என்றார். இரண்டு நாள் ஒரே வண்டிக்குள். அங்கே பப்பி ஆன்ட்டி இல்லை, கல்லி இல்லை. எங்கே போவாள்? பேசித்தானே ஆகவேண்டும்.

ஜூன் 7, மணாலி

பஸ்ஸில் வாந்தி எடுத்தேன். அம்மாச்சி கல் மாதிரி தூங்கினாள்.

வண்டி அழகாக இருக்கிறது. இருக்கையை இழுத்தால் கட்டில். சின்னத் தொட்டி, இரண்டு அடுப்பு, ஜன்னலுக்குத் திரை. “வண்டிக்குள்ளயே கொழா!” என்று அம்மாச்சி திறந்து திறந்து மூடினாள். இறங்கிப்போன குடும்பம் ஈரத் துண்டும் பாதி சாஸ் பாட்டிலும் விட்டுப்போயிருந்தது. துடைத்துச் சுத்தம் செய்தேன்.

பனி மலை உச்சியில்தான். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தாள். “அம்புட்டுதானா? சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கு.” மாமா தலையில் அடித்துக்கொண்டார்.

பியாஸ் ஆற்றின் ஓரத்தில் நிறுத்திப் படுத்தோம். மாமா முன்சீட்டில். அம்மாச்சியும் நானும் ஒரே கட்டிலில். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்தாள். முதுகு என் தோளில் பட்டது. கேட்க நினைத்ததையெல்லாம் மனதுக்குள் வரிசைப்படுத்தினேன். ஆற்றுச் சத்தம் பெரிதாக இருந்தது. கேட்காமல் இருக்க அது ஒரு சாக்கு.

ஜூன் 8, மண்டி ஊருக்கு முன்னால்

மலை சரிந்து ரோடு அடைத்திருக்கிறது. முன்னாலும் பின்னாலும் கண்ணுக்கெட்டிய வரை வண்டிகள். சாயங்காலம்தான் திறப்பார்களாம். மாமா ஸ்டீயரிங்மேல் தலை வைத்துத் தூங்குகிறார். அம்மாச்சி திரையை விலக்கி விலக்கி வெளியே பார்க்கிறாள். அரிசி களையப் போகிறேன்.

ஜூன் 8, ரோடு திறந்த பிறகு

நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

அரிசி களைந்து திரும்பினால் அம்மாச்சி இல்லை. செருப்பும் இல்லை. ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் சரிந்த மலை. மாமாவை எழுப்பினேன். அவர் முன்பக்கம் ஓடினார், நான் பின்பக்கம்.

ஒவ்வொரு வண்டியாகப் போய்க் கேட்டேன். லாரி, டெம்போ, பஸ், கார். கண்ணாடியைத் தட்டிக் கேட்டேன். நீலச் சேலை, நரைமுடி, உயரம் குறைவு, மொழி தெரியாது, என் நானி. கேட்கக் கேட்கக் குரல் பெரிதாகிக்கொண்டே போனது. ஒரு சர்தார்ஜி லாரிமேல் ஏறிநின்று பார்த்துச் சொன்னார், “அழாதே மகளே, அதோ பிளம்ஸ் வண்டியில்.”

பழப்பெட்டி ஏற்றிய வண்டி. பெட்டிகளுக்கு நடுவே ஒரு மலைக்காரப் பெண். பக்கத்தில் அம்மாச்சி, அந்தப் பெண்ணின் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, அதன் முகத்தையே பார்த்துக்கொண்டு.

அவ்வளவுதான். கத்தினேன். நானா அது? “யார் புள்ளையோ மடியில! அதைப் பாக்குற! பப்பி ஆன்ட்டியப் பாக்குற, கரோல்காரனப் பாக்குற, சுண்ணாம்பு மலையப் பாக்குற! ஆறு மாசமா நான் உன் முன்னாடி நிக்கிறேன், என்னை ஒரு தடவ பாத்தியா? நாக்பூர்ல எறங்கினியே, எனக்காக வரணும்னு தோணலையா உனக்கு?”

எல்லா வண்டியிலும் தலைகள் திரும்பின. எனக்குக் கூச்சமே வரவில்லை.

அம்மாச்சி குழந்தையைக் கொடுத்துவிட்டு இறங்கினாள். இரண்டு வரிசை வண்டிகளுக்கு நடுவே நடந்தோம். அவள் பேசினாள், முன்னால் பார்த்துக்கொண்டேதான்.

“ஸ்டேஷன்ல எறங்கினப்ப உன்னப் பாத்தேன்டி. பிலோ நின்னா. அந்தப் பதினேழு வயசு பிலோ. ஆனா அவ இல்லல்ல.”

கொஞ்ச தூரம் போனோம்.

“கல்லறையப் பாக்காத வரைக்கும் அவ டெல்லியில எங்கயோ ஒரு வீட்டுல பாத்திரம் தேச்சுக்கிட்டிருக்கா. எனக்கு அப்படித்தான். நாக்பூர்ல எறங்கினது அதுக்குத்தான். உன்னப் பாத்தா அது ஒடஞ்சிருது. அதான் வெளிய வெளிய ஓடுறேன். நான் நல்லவ இல்லடி.”

அவள் கையைப் பிடித்தேன். எல்லாம் எலும்பு.

வண்டிக்கு வந்து சோறு வைத்தேன். அம்மா சின்ன வயதில் எப்படி என்று அப்போதுதான் கேட்டேன்.

“வாயாடி. டீச்சர் ஒருநா வாயில பிளாஸ்திரி ஒட்டி அனுப்பிட்டாங்க. வீட்டுக்கு வந்து அத உரிச்சதும் டீச்சரத்தான் திட்டுறா!” சிரித்தாள். கூடவே அழுதாள்.

எனக்குத் தெரிந்த அம்மா பேசவே மாட்டாள். கல்யாணமாகி ஹிந்தி தெரியாமல் இந்த ஊருக்கு வந்து அப்படி ஆகிவிட்டாளா? நான் அவளைப்போல என்று நினைத்துக்கொண்டிருந்தேனே.

ஜூன் 10, டெல்லி

வந்து சேர்ந்தோம். அப்பாவிடம் மாமா ரோடு அடைத்ததை மட்டும் சொன்னார்.

ஜூன் 13

நாளை அம்மாச்சிக்கு ஊருக்கு ரயில். “கிளம்பறதுக்கு முன்னாடி கல்லறைக்கு?” என்று கேட்டேன்.

“வேணாம்டி. கட்டாயப்படுத்தாத.”

கட்டாயப்படுத்தவில்லை.

ஜூன் 14

ரயில் ஏற்றிவிட்டோம். கல்லியில் பாதிப் பேர் அழுதார்கள். ஜன்னல் கம்பிக்குள்ளிருந்து என்னைப் பார்த்தாள், வண்டி நகரும்போது, ஒரு நொடி. பிறகு தண்ணீர் பாட்டிலைத் தேடக் குனிந்துவிட்டாள்.

ஜூன் 15

நாக்பூர் தாண்டியிருக்கும்.

ஜூன் 22

முன்பைவிட இப்போதுதான் தனியாக இருக்கிறது. சாப்பிடும்போது டீச்சரைத் திட்டும் அம்மா ஞாபகம் வந்தாள். அப்பாவிடம் பிளாஸ்திரி கதையைச் சொன்னேன். எழுந்து வெளியே போகவில்லை. “என்கிட்ட சொன்னதே இல்ல” என்றார்.

ஜூலை 2

அம்மாச்சி வீடியோ கால் போட்டாள். ஊரில் யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். முதலில் நெற்றி மட்டும் தெரிந்தது, பிறகு ஓட்டுக் கூரை, பிறகு முகம்.

“என்ன அம்மாச்சி?”

“ஒண்ணுமில்ல. மூஞ்சி இருட்டா இருக்கு. வெளிச்சத்துக்கு வா.”

வெளியே தண்ணீர் லாரி வந்திருந்தது. கல்லி முழுக்க குடமும் ஆளும். பப்பி ஆன்ட்டி எட்டிப் பார்த்து “நானியா? நானியா?” என்று கத்தினார். நான் வாசல்படி தாண்டி வெயிலில் போய் நின்றேன்.

“தெரியுதா?”

“ம்.”

“பேசு.”

“பாத்துக்கிட்டு இருக்கேன்ல. சும்மா நில்லு.”

போன் கையைச் சுடும்வரை நின்றேன்.