பெயின்டுக்கு அடியில் போன நம்பர்கள்

செப்டம்பர் 9, 2024, புத்தூர்

காலையில் பழைய ஈ-ஆட்டோ பேட்டரி இரண்டு வந்தன. ஒன்று தேறும். இன்னொன்றில் பாதி செல் உப்பிக் கிடந்தது. தீப்பிடித்துவிடாமல் தனியாக மணலில் வைத்தேன். தேறுகிற செல்லை எடுத்து, அந்த பேட்டரியின் இரும்புப் பெட்டியிலேயே கட்டி, கடைக்காரர்களுக்கு லைட்டும் ஃபேனும் ஓடக் கொடுப்பதுதான் எங்கள் பிழைப்பு. கட்டுவது நான். பெட்டிக்கு மயில் நீலத்தில் பெயின்ட் அடித்து நாமம் வரைவது என் வீட்டுக்காரர் சம்பத். ஆட்டோவில் பெயர் எழுதிப் பழகிய கை, சும்மா இருக்காது.

வண்டி பேட்டரியை மறுபடி பயன்படுத்துகிறவர்களுக்கு அரசு உதவி வருகிறதாம். எங்களைப் போன்ற சின்னக் கடைகளுக்கு டெஸ்டிங் மிஷின். பேட்டரியில் இன்னும் எவ்வளவு உயிர் இருக்கிறது என்று சரியாகச் சொல்லும். இப்போது நான் மீட்டரைப் பார்த்து, கொஞ்சம் அனுபவத்தில், மிச்சம் சாமிமேல் பாரத்தைப் போட்டுச் சொல்கிறேன்.

மிஷின் கிடைக்காவிட்டால் நான் முன்பு வேலை பார்த்த ஸ்ரீசிட்டி கம்பெனிக்கே திரும்புவது என்று பேசி வைத்திருக்கிறோம். விடிகாலை ஐந்தரைக்குக் கம்பெனி பஸ். நினைத்தாலே எரிச்சல்.

செப்டம்பர் 11

விண்ணப்பத்தில் ஐந்து கட்டம் மளமளவென்று நிரப்பிவிட்டேன். ஆறாவதில் கை நின்றது. குறைந்தது இருபத்தைந்து பெட்டி காட்ட வேண்டும். ஒவ்வொன்றும் எந்த பேட்டரியிலிருந்து வந்தது என்பதற்கு அதைச் செய்த கம்பெனி போட்ட நம்பர் வேண்டும்.

கட்டியது முப்பத்தொன்று. நம்பர்? சம்பத் பெட்ரோல் துணியால் தேய்த்து, நம்பர் இருக்கும் ஸ்டிக்கரைச் சுத்தமாக உரித்த பிறகுதான் பெயின்ட் டப்பாவையே திறப்பார்.

செப்டம்பர் 12

கத்தினேன். அவர் பிரஷைக் கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் ஒன்றே ஒன்று சொன்னார்: "உரிக்கச் சொன்னது யாரு? நீ தான?"

நான்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருத்தர் ஸ்டிக்கரில் 2019 என்று பார்த்துவிட்டு, "பழச என் தலையில கட்டப் பாக்கிறியா"ன்னு கடை வாசல்லயே போட்டுட்டுப் போனாரு. அன்னிக்கி அழுதுக்கினே சொன்னேன், இனிமே ஒரு ஸ்டிக்கர் என் கண்ணுல படக்கூடாதுன்னு.

இப்போது யாரைத் திட்டுவது?

செப்டம்பர் 13

உள்பக்கம் இன்னொரு ஸ்டிக்கர் இருந்து தப்பியவை ஏழு. மற்ற இருபத்து நாலுக்கும் ஊர் பேர் கிடையாது.

செப்டம்பர் 16

திருப்பதி ஆபீஸ் எதிரில் விண்ணப்பம் எழுதித் தருகிற சிட்டிபாபு சிரித்தே விட்டார். "நம்பர் தானம்மா? பிரிண்ட் போட்டு ஒட்டிக்கினா ஆச்சு. எவன் வந்து கம்பெனில கேக்கப்போறான்?"

சம்பத் சரி என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் வரும்போது என் கைப்பையில் இருபத்து நாலு ஸ்டிக்கர் இருந்தது. சொல்லாமல் இருப்பதும் சரி என்பதும் ஒன்றுதானே.

செப்டம்பர் 19

காணிப்பாக்கம் போனேன். கோயில் எதிரில் தேங்காய்க் கடை வைத்திருக்கும் சந்திரம்மாவிடம் எங்கள் பெட்டி ஒன்று இருக்கிறது. முதல் ஸ்டிக்கரை அதில் ஒட்டலாம் என்று குனிந்தேன்.

"இன்னா ஒட்டுற?"

"நம்பர்க்கா."

"எதோட நம்பரு?"

ஸ்டிக்கரை உள்ளங்கையில் மூடினேன். அவர் தேங்காயைக் கீழே வைத்தார். "இது புதுசு தான?"

"புதுசுன்னு நான் சொல்லலக்கா."

"பழசுன்னும் சொல்லலியே. தோ, கோபுரத்தப் பாத்துக்கினு சொல்லு."

காணிப்பாக்கம் பிள்ளையார் முன்னால் பொய்ப் பிரமாணம் செய்ய ஜில்லாவே பயப்படும். பங்காளிச் சண்டை, திருட்டு வழக்கு எல்லாம் இங்கே வந்துதான் தீரும். நான் கோயிலுக்குள்கூடப் போகவில்லை, தேங்காய்க் கடையில்தான் நின்றேன். இருந்தும் பொய் சொல்ல நாக்கு எழவில்லை. பழசு, ஆட்டோவிலிருந்து எடுத்தது, ஸ்டிக்கரை உரித்தோம், இது பொய் நம்பர் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

சந்திரம்மா திட்டுவார் என்று நின்றேன். "என் கட ஃப்ரிட்ஜே செகண்ட் ஹேண்டு தான். பழசுன்னா வாங்கமாட்டேன்னு நீயே நெனச்சிக்கினியா? எத்தினி வருசம் வரும், அத சொல்லு."

"மூணு வருசம் வரலாம்க்கா."

"வரலாமா, வருமா?"

அதைச் சொல்லத்தான் மிஷின் கேட்கிறேன் என்றேன்.

செப்டம்பர் 20

ஸ்டிக்கர்களை அடுப்பில் போட்டேன். பிளாஸ்டிக் நாற்றம் போக அரை மணி நேரம் ஆனது. சம்பத் என்னிடம் பேசவில்லை.

செப்டம்பர் 24

ஏழு என்றே எழுதிக் கொடுத்தேன். அதிகாரி ஹரிபிரசாத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தெலுங்கில் கேட்டார். "நெம்பர் லேகபோதே எலாகம்மா?" நம்பர் இல்லாமல் எப்படி என்று எனக்கும்தான் தெரியவில்லை. உரித்த கதையைச் சொன்னேன். பக்கத்து மேஜைக்காரர் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை.

அக்டோபர் 29

கிடைக்கவில்லை. இருபத்தைந்து சேர்ந்ததும் மறுபடி கொடுக்கலாம் என்று கடிதத்தில் ஒரு வரி. ஆறுதலுக்கு எழுதியதா, நிஜமாகவா?

இருபத்து நாலு ஸ்டிக்கரை ஒட்டியிருந்தால் இன்றைக்கு மிஷின் கிடைத்திருக்கும். அப்படித் தோன்றவில்லை என்று எழுதினால் அதுவும் பொய்.

நவம்பர் 4

ஐந்தரை பஸ்.

நவம்பர் 24

ஞாயிறு மட்டும்தான் பெட்டி கட்ட நேரம். கடைக்குப் போனால் சம்பத் குந்திக்கொண்டு என்னவோ செய்கிறார். கம்பெனி ஸ்டிக்கர்மேல் பேப்பர் டேப்பை அளவாக ஒட்டி, பெட்டி முழுக்க நீலம் அடித்து, காய்ந்ததும் டேப்பை உரித்தார். நீலத்துக்கு நடுவில் சின்ன ஜன்னல் மாதிரி பழைய நம்பர், வருஷத்தோடு தெரிந்தது. சுற்றிலும் மஞ்சளில் கோடு வேறு போட்டிருந்தார்.

"நம்பரு தெரியணும், அவ்ளோ தான? அசிங்கமா ஏன் தெரியணும்?"

இரண்டு மாதத்துக்குப் பிறகு என்னிடம் இவ்வளவு நீளமாகப் பேசியது இன்றைக்குத்தான். சந்தோஷமாக இருந்தது.

ஜனவரி 19, 2025

காணிப்பாக்கத்திலிருந்து மட்டும் நாலு பேர் வந்துவிட்டார்கள். எல்லோரும் ஒரே கேள்வியோடு வருகிறார்கள்: "எந்த வண்டில இருந்து எடுத்தது? எத்தினி வருசம் ஓடுன பேட்டரி?" சந்திரம்மா சொல்லி அனுப்புகிறார். பழைய ஏழையும் பொங்கல் விடுமுறையில் கட்டியதையும் சேர்த்து, நம்பர் உள்ளவை பதினெட்டு.

மார்ச் 2

இருபத்தைந்து. உடனே கொடுக்கவில்லை. இரண்டு தடவை எண்ணினேன்.

ஏப்ரல் 8

லீவு போட்டேன். ஹரிபிரசாத் நேரில் வந்து, பெட்டி வாங்கிய கடைகளுக்கெல்லாம் எங்களோடு ஏறி இறங்கி, ஒவ்வொரு ஜன்னலையும் டார்ச் அடித்துப் படித்தார். அவற்றில் ஏதோ ஏழு நம்பரை எடுத்து பேட்டரி கம்பெனிக்கே போன் போட்டுக் கேட்டார். 'எவன் வந்து கம்பெனில கேக்கப்போறான்?' என்று சிட்டிபாபு சொன்னது ஞாபகம் வந்தது. போகும்போது மஞ்சள் கோடு யார் போட்டது என்று மட்டும் கேட்டார்.

மே 12

காலை ஐந்தரைக்குக் கம்பெனி பஸ் வாசலில் நின்று இரண்டு தடவை ஹாரன் அடித்தது. சம்பத் வெளியே போய், கோதை இனிமே வரமாட்டா என்று சொல்லி அனுப்பினார். உள்ளே நான் சந்திரம்மாவின் பெட்டியை, அரசு கொடுத்த புது மிஷினில் மாட்டிக்கொண்டிருந்தேன்.