வட்டாவின் அடியில் ஒரு குறி

பழுகாமம்
14.6.1938

அன்புள்ள இலட்சுமிப்பிள்ளைக்கு,

இங்கு நலம். பதுளைக் குளிரில் நீயும் என் மகன் கோணாமலையும் சுகமாயிருக்கப் பிள்ளையார் துணை. உன்னை என்ன முறை சொல்லி அழைப்பதென்று தெரியாமல் வெறும் பெயரோடு தொடங்குகிறேன். பொறுத்துக்கொள்.

உன் குடிப்பெயரைத் தேடித் தரும்படி எழுதியிருந்தாய். குடி, வம்சமெல்லாம் எங்கள் பக்கத்தில் தாய்வழியில் வருவது. உன் தாயோ விஷக்காய்ச்சல் வருஷம் உன்னையும் வெற்றிலை வைக்கும் ஒரு பித்தளை வட்டாவையும் இங்குள்ள கன்னியர் மடத்தில் விட்டுக் கண்மூடிவிட்டா. நீயும் தன் குடியாயிருந்தால் மகனுக்குத் தங்கச்சி முறையாகிவிடுமே, கலியாணம் நடவாதே என்று என் மனைவி சீதேவிப்பிள்ளைக்குச் சோறு இறங்கவில்லை.

வட்டாவின் அடியிலிருந்த குறியைக் கடதாசியில் வரைந்து அனுப்பினாய் அல்லவா? இங்கே ஒவ்வொரு குடிக்கும் மாட்டுக்குச் சுடும் குறி உண்டு. இதுவும் அதுதானென்று முடிவுகட்டித் தோணியேறினேன். செட்டிபாளையம், சித்தாண்டி என்று மூன்று கிழமை மாடுகளின் பின்புறத்தையே பார்த்து நடந்தேன். பட்டிக்காரர் என்னை மாட்டுக் கள்ளன் என்றார்கள். ஒரு சிவப்புப் பசு தன் கருத்தை என் முழங்காலில் சொல்லிற்று. பயப்படாதே, எழுதும் கைக்கு ஒன்றுமில்லை.

கடைசியில் பாத்திரம் வார்க்கும் வினாயகமூர்த்தியிடம் காட்டினேன். மனிதர் சிரித்து முடிய ஒரு சுருட்டு எரிந்து முடிந்தது. "இது எங்கட அப்பாட பட்டறைக் குறி. இந்த வட்டா இல்லாத வீடு ஏது?" என்றார்.

வீட்டில் சொன்னேன். சீதேவி அழுதாள். பாக்கு வெட்டிக்கொண்டிருந்த என் அக்கா ஆச்சிப்பிள்ளை கையை நிறுத்தினா. அக்கா பிள்ளையில்லாத விதவை. வாய் திறந்தால் ஊரே விலகி நிற்கும்.

"அவளுக்குத் தாய் இல்ல. எனக்குப் புள்ள இல்ல. என்ர மகளெண்டு கோயில்ல சொல்லுறன், என்ர குடிய எடுக்கட்டும். உன்ர மகன் தன்ர மாமிட மகளக் கட்டுறது முறைதானே தம்பி?"

வெள்ளிக்கிழமை ஊர்ப் பெரியவர்கள் முன் சொல்லியும்விட்டா. ஒருவரும் மறுக்கவில்லை. அவர்களுக்கும் அக்காவிடம் என்னளவு பயம்.

மறுநாள் சீதேவி, உன் கையை அளந்து ஒரு நூல் அனுப்பச் சொன்னாள். காப்புச் செய்யவாம். சுணங்காமல் அனுப்பு. தினமும் தபால்காரனைப் பார்த்திருக்கிறாள்.

உன்னைப் பெற்றவளின் பெயரை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த வட்டாவை மறவாமல் கொண்டு வா. கலியாண வெற்றிலை அதில்தான் வைக்க வேண்டும் என்று அக்காவின் கட்டளை. ஆவணியில் வந்துவிடு, பிள்ளை. அக்கா இப்போதே உனக்குப் பாய் விரித்து வைத்திருக்கிறா.

நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
உன் அம்மாவின் தம்பி
அருமைநாயகம்