ஒருவர் சமையலுக்கு நல்ல கத்தி

ஜூன் 9, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். ஜூனில் ஸ்வெட்டர், ஓசூரில்தான் இது. துவைத்த வேட்டி இன்னும் ஈரம்.

கத்தி வந்து இரண்டு வாரம். மதிப்புரை எழுதச் சொல்லி, விற்ற தளத்திலிருந்து தினமும் செய்தி. எனக்குத் தினமும் எழுதுகிறவர்கள் அவர்கள் மட்டும்தான். பதில் போடாமல் இருப்பது மரியாதையாகப் படவில்லை.

மற்றவர்கள் எழுதியதைப் படித்தேன். "சூப்பர்." "பார்சல் லேட்." "இன்னும் பிரிக்கவில்லை, ஐந்து ஸ்டார்." எதை வெட்டினார்கள், எத்தனை நாள் பார்த்தார்கள், துரு வந்ததா, ஒன்றும் இல்லை. உதிரிபாகத் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் நான் இப்படி ஒரு அறிக்கை கொடுத்திருந்தால் மேனேஜர் முகத்தில் எறிந்திருப்பார்.

ஆகவே முறையாக. எடை, நீளம். செய்தித்தாளைக் கிழிக்காமல் வெட்டுகிறது. தக்காளி நசுங்கவில்லை. எலுமிச்சை வெட்டிக் கழுவாமல் வைத்துப் பார்த்தேன், கறை இல்லை. ஈரக் கையில் பிடி வழுக்கவில்லை. குறை: உறை தரவில்லை. நான்கு ஸ்டார். ஐந்து போடலாமா என்று வெகுநேரம். ஐந்து போட்டால் கம்பெனி ஆள் என்பார்கள்.

படம்: தக்காளி வில்லைகள், என் மனைவி சரோஜாவின் தட்டில். அவள் பெயர் வெட்டிய கல்யாணச் சீர்த் தட்டு. அவள் போய்ச் சேர்ந்த பிறகு நான் சாப்பிடுவதும் அதில்தான், மற்றவை பரணில்.

பெயர் போடும் இடத்தில் 'வாடிக்கையாளர்' என்று மட்டும்.

ஜூன் 12, வியாழன்

வெயில் எட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று. பால், பூண்டு, முழங்கால் தைலம் வாங்க வேண்டும்.

மதிப்புரைக்குக் கீழே: 'ஒருவர் இதைப் பயனுள்ளதாகக் கருதினார்.' யாரோ ஒருவர். மதியத்துக்குள் மூன்று தடவை போய்ப் பார்த்தேன். வெட்கம்.

பக்கத்து வீட்டு மஞ்சுளாம்மா குரல் கொடுத்தார். "சார், தண்ணி வந்துடுச்சு, மோட்டாரு போடுங்க!" இரண்டு வீட்டுக்கும் ஒரே மோட்டார், சுவிட்ச் என் பக்கம். ஆகவே மூன்று நாளுக்கு ஒருமுறை இந்தக் குரல் வரும். வெளியே போனேன். முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"டாக்டரு கீழ உக்காரவே கூடாதுன்ட்டாரு சார். அருவாமனைய தூக்கிப் பரண்ல போட்டாச்சு. இனிமே நின்னுக்கினுதான் வெட்டணும். நந்தினி கத்தி வாங்கித் தரேங்குறா."

"நான்கூட ஒரு கத்தி..." என்று தொடங்கினேன். உள்ளே குக்கர் விசில். போய்விட்டார். மகள் நந்தினி, மாடி அறையில் தங்கியிருக்கும் மூன்று தொழிற்சாலைப் பெண்கள், அவர் என்று ஐந்து பேருக்கான குக்கர். காத்திருக்காது.

இன்று நான் பேசியது மொத்தம் மூன்று வார்த்தை. அதுவும் முடியவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

மறுபடி தூறல்.

காலை நந்தினி கதவைத் தட்டினாள். "அங்கிள், பேண்டேஜ் இருக்குதா? அம்மா கட்டவெரல அறுத்துக்கிச்சு."

பஞ்சு, மருந்து, துணி எடுத்துக்கொண்டு ஓடினேன். ரத்தம் அதிகம், வெட்டு ஆழமில்லை. சமையல் மேடையில் பாதி கேரட். பக்கத்தில் கறுப்புப் பிடி. என்னுடைய அதே கத்தி.

"ரிவ்யூ பாத்துதான் வாங்கினோம் அங்கிள். யாரோ ஒருத்தரு எலுமிச்சம்பழம்லாம் வெச்சு டெஸ்ட் பண்ணி எழுதியிருந்தாரு. அம்மாதான் இதையே போடுன்னுச்சு."

எப்படி வெட்டினார் என்று கேட்டேன். மஞ்சுளாம்மா வெறுங்கையால் காட்டினார். இடது கையில் கத்தியை நட்டுப் பிடித்து, வலது கையால் கேரட்டை அதன்மேல் தள்ளியிருக்கிறார். அரிவாள்மனைப் பழக்கம். அங்கே கத்தி அசையாது, காய்தான் கத்தியிடம் போகும். கட்டைவிரல் பின்னாலேயே போயிருக்கிறது.

"பாத்து செய்யுங்கம்மா" என்றேன். எழுதியது நான்தான் என்று சொல்லவில்லை.

ஜூன் 18, புதன்

மதிப்புரையை மறுபடி படித்தேன். ஒரு அளவும் தப்பில்லை. சோதித்தவன் யார், எந்த நிலையில் சோதித்தான் என்பது மட்டும் இல்லை. தொழிற்சாலையில் அறிக்கையின் முதல் வரியே அதுதான்.

ஏன் விட்டேன்? எழுதினால் இப்படி எழுத வேண்டும்: நான் எப்போதும் நின்று வெட்டிப் பழகியவன். ஒரு தக்காளி, அரை வெங்காயம், நாலு பீன்ஸ். ஒருவருக்கு. தனியாக இருக்கிறேன்.

கடைசி வரியைத் தட்டினேன். அழித்தேன். ஊர் பேர் தெரியாதவர்கள் படிப்பதற்கு என்ன கூச்சம்? ஆனாலும் அழித்தேன்.

மஞ்சுளாம்மாவிடம் சொல்லத்தான் வேண்டும். சொன்னால் நந்தினி என்ன நினைப்பாள்? பேச்சு குறைந்துவிடலாம். மோட்டார் போடச் சொல்லும் குரல்கூட நின்றுவிடலாம், மிஸ்டு கால் கொடுத்தால் போதுமே. என்னிடம் இருப்பது அந்த ஒரு குரல். அதை வைத்துக்கொண்டு சும்மா இருந்துவிடலாம் என்றும் தோன்றுகிறது.

இரவு மோர் சாதம். தைலம் வாங்க மறந்தேன்.

ஜூன் 20, வெள்ளி

தூறல் இல்லை. காற்று மட்டும்.

சொல்ல வேண்டியதைக் குளிக்கும்போது இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். மஞ்சுளாம்மா கட்டுப் போட்ட விரலைத் தூக்கிப் பிடித்தபடி அரிசி கழுவிக்கொண்டிருந்தார்.

"அம்மா, அந்த ரிவ்யூ எழுதினது நான்தான்."

"தெரியுமே சார்."

எப்படி என்று கேட்டேன்.

"போட்டோல சரோஜாம்மா பேரு வெட்டின தட்டு இருந்துச்சே. அந்தத் தட்டுல எத்தினி வாட்டி எங்க வீட்டுக்கு சுண்டல் வந்திருக்குது! நந்தினி எடை, நீளம்னு படிச்சிக்கினே கெடந்தா. நான் தட்ட பாத்தேன், ஆர்டரு போடுடின்னேன்."

"அப்புறம் ஏம்மா கேக்கலை?"

"நீங்கதான் பேரே போடாம ஒளிஞ்சிக்கினு எழுதியிருக்கீங்களே. நாம எதுக்குக் காட்டிக் குடுக்கணும்னு நந்தினிகிட்டகூட சொல்லல."

"விரல்..."

"என் கை பழக்கத்துக்கு நீங்க என்னா பண்ணுவீங்க? அவ்ளோ வருத்தமா இருந்தா வந்து இந்த பீன்ஸ நறுக்குங்க. ரெண்டு மணி ஷிப்டு, பொண்ணுங்க சாப்புட்டுக் கெளம்பணும்."

நறுக்கினேன். ஒவ்வொன்றும் ஒரே அளவாக. அவர் எட்டிப் பார்த்தார்.

"என்னா சார், ஸ்கேல் வெச்சா வெட்டுறீங்க? இப்பிடிப் போனா பொண்ணுங்க தீபாவளிக்குத்தான் சாப்புடும்."

மாடிப் பெண் ஒருத்தி டப்பாவோடு வந்து நின்று சிரித்தாள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

ஒரு கிலோ பீன்ஸ் முடிவதற்குள் தெரிந்தது: கத்தியின் முதுகு சுட்டுவிரல் அடியில் அழுத்துகிறது. தோல் சிவந்துவிட்டது. நாலு பீன்ஸ் வெட்டுகிறவனுக்கு இது ஒருநாளும் தெரிந்திருக்காது.

மாலை மதிப்புரையைத் திருத்தினேன். முதல் வரி: 'தனியாக இருப்பவன், முதலில் எழுதியது ஒருவர் சமையலை வைத்து.' இந்த முறை அழிக்கவில்லை. பிறகு: அரிவாள்மனையில் பழகியவர்கள் முதல் வாரம் வாழைத்தண்டு, வெள்ளரி போன்ற மென்மையானவற்றில் கை பழக்கவும், காய் பலகையில் இருக்கட்டும், கத்தி நகரட்டும். ஐந்து பேருக்கு வெட்டினால் விரல் அடியில் உறுத்தும். மூன்று ஸ்டார்.

ஜூன் 21, சனி

மேகம். மழை வரலாம்.

திருத்தியது பரிசீலனையில் இருக்கிறதாம். பழையதோடு அந்த 'ஒருவர்' என்பதும் போய்விட்டது. யார் என்று இப்போது ஓரளவு தெரியும். கேட்கப் போவதில்லை.

கத்தியின் முதுகில், விரல் படும் இடத்தில், பழைய வேட்டிக் கிழிசலைச் சுற்றி நூலால் கட்டிப் பார்த்தேன். உறுத்தவில்லை. இதையும் சேர்க்க வேண்டும். மஞ்சுளாம்மா வீட்டுக் கத்திக்கும் ஒன்று சுற்ற வேண்டும்.

"சார், தண்ணி வந்துடுச்சு! மோட்டாரு போட்டுட்டு அப்பிடியே வாங்க, இன்னிக்கு கோசு!"

கோஸ் இதுவரை இந்தக் கத்தியில் வெட்டியதில்லை. ஒருவருக்கு முழுக் கோஸ் எதற்கு என்று நான் வாங்குவதே இல்லை. மீதி வந்து எழுதுகிறேன்.